'செஃப்' படம்: கல்லாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஆறு மேசை போட்ட ஒரு மெஸ் நடத்துகிறேன். சாப்பிட வருபவர்களிடம் பேச்சுவாக்கில் "இந்தப் படத்தைப் பாருங்கள்" என்று சொல்லப்போக, பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் கல்லா முன்னால் நின்று கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் காசு கொடுக்க நிற்பவர் முகம் சுளிக்கிறார். அதனால் ஒரே முறையாக எழுதிவிடுகிறேன். படத்தின் முடிவு வரை பேசியிருக்கிறேன். கதை தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்தப் படம் அது?

'செஃப்'. 2014-இல் வந்த அமெரிக்கப் படம். எழுதி, இயக்கி, சமையல்காரராக நடித்தவர் ஜான் ஃபேவ்ரோ. 'அயர்ன் மேன்' முதல் இரண்டு பாகங்களை இயக்கியவர் அவர்தான். கோடி கோடியாகச் செலவழித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலரில் இதை எடுத்தார். ஹாலிவுட் கணக்கில் அது இலை ஓரத்து ஊறுகாய். ஓடும் நேரம் 114 நிமிடம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லாஸ் ஏஞ்சலீஸில் பெயர்பெற்ற உணவகம் ஒன்றின் தலைமைச் சமையல்காரர் கார்ல் காஸ்பர். ஒரு பெரிய விமர்சகர் சாப்பிட வருகிறார். கார்ல் புதிதாக ஏதாவது சமைக்க நினைக்கிறார். முதலாளி, வழக்கமானதையே போடு என்கிறார். வழக்கமானதே போகிறது, விமர்சகர் கிழித்து எழுதுகிறார். கார்லின் பத்து வயது மகன் பெர்சி அப்பாவுக்கு ட்விட்டரைச் சொல்லிக்கொடுக்கிறான். ஊரே படிக்கும் என்று தெரியாமல் அதில் விமர்சகருக்கு ஒரு வசையை எழுதிவிடுகிறார் கார்ல். பிறகு உணவகத்திலேயே போய்க் கத்துகிறார். அந்தக் காட்சி கைபேசி கைபேசியாகப் பரவுகிறது. வேலையும் போய், வேறு வேலையும் கிடைக்காமல், மயாமிக்குப் போய் ஓட்டை வண்டி ஒன்றைக் கழுவிச் சுத்தம் செய்து, கியூபா சாண்ட்விச் போட்டு விற்கத் தொடங்குகிறார். மகனும் பழைய உதவியாளர் மார்ட்டினும் கூட வர, மயாமியிலிருந்து நியூ ஆர்லியன்ஸ், ஆஸ்டின் வழியாக லாஸ் ஏஞ்சலீஸுக்கே வண்டி திரும்புகிறது. கடைசியில் அதே விமர்சகர் பணம் போட்டுக் கடை வைத்துக்கொடுக்கிறார். பிரிந்த மனைவியும் சேர்ந்துவிடுகிறாள்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாமா?

கெட்ட வார்த்தை நிறைய வரும். அமெரிக்காவிலேயே அதற்காகத்தான் 'ஆர்' சான்றிதழ் கொடுத்தார்கள். அடிதடி, இரத்தம் கிடையாது. உங்கள் வீடு, உங்கள் முடிவு.

சிரிப்புப் படம் என்றீர்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லையே?

சொல்லிச் சிரிக்கவைக்கும் படம் இல்லை. வேலை செய்யும் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கிண்டல்தான் இதில் நகைச்சுவை. அடுப்படியில் நின்றவர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும். என் பெரியப்பா நாற்பது ஆண்டு கல்யாணச் சமையல் செய்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் உம்மென்று இருந்தார். வண்டிக்குள் வெக்கை தாங்காமல் மார்ட்டின் சோள மாவைக் கால்சட்டைக்குள் கொட்டிக்கொள்ளும் காட்சி வந்தது. நான் மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாங்கள் அரிசி மாவு" என்றார்.

முதலாளியாக வருபவர் வில்லனா?

எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். டஸ்டின் ஹாஃப்மன் நடித்த ரீவா என்ற பாத்திரம். நான் முதல் முறை பார்த்தபோது சென்னையில் ஓர் ஓட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தேன், நானும் திட்டினேன். இப்போது கல்லாவில் உட்கார்ந்து பார்க்கும்போது அவர் பக்கமும் பாதி நியாயம் தெரிகிறது.

அவர் சொல்வது இதுதான்: நம் கடைக்கு வருகிறவன் இன்ன பண்டத்துக்காக வருகிறான், அதைக் கொடு. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு வந்து உட்காருகிறீர்கள். இந்த ஆண்டு பஞ்சரத்ன கீர்த்தனைகள் கிடையாது, வித்வான்களுக்கு அலுத்துவிட்டது, புதிதாக வேறு பாடுவார்கள் என்று அறிவித்தால் சும்மா இருப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலை என் மெஸ்ஸில் இட்லிக்கு ஊற்றும் கடப்பா இல்லையென்றால் ஏழு மணிக்கே சண்டை. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா, சோம்பு. வாராவாரம் அதே கடப்பாதான். எனக்கு அலுத்துவிட்டது என்று ஒரு ஞாயிறு குருமா வைத்தேன். இட்லி மிஞ்சியது.

ஆனால் ரீவாவின் தவறு வேறு இடத்தில். பழையதைப் போடச் சொன்னது தவறில்லை. விமர்சனம் வந்தபின், சமையல்காரன் மட்டும் அடி வாங்கட்டும் என்று ஒதுங்கி நின்றதுதான் தவறு. என்னை வேலையை விட வைத்ததும் ஏறக்குறைய அதுதான். மேலிடத்திலிருந்து விலை குறைந்த எண்ணெயை வாங்கிப் போட்டார்கள். வாடிக்கையாளர் குறை சொன்னதும், "மாஸ்டர் கை சரியில்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். கார்ல் மாதிரி கத்திவிட்டு வரவும் இல்லை. மாதச் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். படம் எடுத்தால் ஓடாது.

ஃபேவ்ரோ பெரிய நிறுவனங்களுக்குப் படம் எடுத்துக்கொடுத்துச் சலித்த தன் கதையைத்தான் சமையல்காரன் கதையாகச் சொல்லியிருக்கிறார் என்று பலர் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் ரீவா யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விமர்சகரிடம் அப்படிக் கத்தியது சரியா?

அந்தக் காட்சியை நான் கைதட்டிப் பார்த்தவன். உள்ளே குழையக் குழைய இருக்கும் சாக்லேட் கேக்கை, வேகாத கேக் என்று நினைத்துவிட்டாரே என்று கார்ல் கேக்கைக் கையால் பிசைந்து காட்டுவார். எந்தச் சமையல்காரனுக்கும் உள்ளே இருக்கும் கோபம் அது.

பிறகு எனக்கே ஒரு நாள் வந்தது. இணையத்தில் எங்கள் மெஸ்ஸுக்கு யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டு, "சாம்பார் ஆறிப்போய், பருப்பு அடியில் நின்றது" என்று எழுதியிருந்தார். இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்து, தஞ்சாவூர் மராத்திய அரண்மனையில் சாம்பார் பிறந்ததாகச் சொல்லும் கதையிலிருந்து ஆரம்பித்து ஒரு பதில் தட்டினேன். என் மனைவி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: "எத்தனை மணிக்கு வந்தாராம்?" மாலை நாலு மணி. காலையில் வைத்த சாம்பார். தெளிந்துதான் இருந்திருக்கும். எழுதியதை அழித்துவிட்டேன். மறுநாள் முதல் இரண்டு மணிக்கு மேல் சாம்பார் இல்லை, வத்தக்குழம்பு மட்டும்.

படத்திலும் கார்லுக்கு உள்ளூரத் தெரியும், அந்த விமர்சனம் முழுப் பொய் இல்லை என்று. அதனால்தான் அவ்வளவு சத்தம்.

புதிதாகத் தொடங்குவது இவ்வளவு எளிதா?

இல்லை. படத்தின் ஓட்டையே இதுதான், வண்டியின் ஓட்டையை விடப் பெரியது. வண்டி எங்கிருந்து வந்தது? பிரிந்த மனைவியின் இன்னொரு முன்னாள் கணவர் கொடுக்கிறார். ராபர்ட் டௌனி ஜூனியர் ஐந்து நிமிடம் வந்து பேசிச் சிரிக்கவைத்துவிட்டுச் சாவியைத் தந்துவிடுவார். மார்ட்டின் கிடைத்த பதவி உயர்வை விட்டுவிட்டு, சம்பளம் பற்றிப் பேசாமல் விமானம் ஏறி வருகிறான். விளம்பரத்தை மகன் கைபேசியில் பார்த்துக்கொள்கிறான். வாடகை, கடன், மாமூல் எதுவும் கிடையாது.

நம் பக்கம் அந்த வண்டிக்குப் பெயர் தள்ளுவண்டி. கொஞ்சம் கையில் இருந்தால் பழைய குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வாங்கிப் பின்பக்கம் தகரம் அடித்துக் கல் போடுவார்கள். கடனுக்கு முதலில் போவது காலையில் கொடுத்து மாலையில் வசூலிப்பவரிடம். 2020-இல் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்கென்று ஸ்வநிதி கடன் கொண்டுவந்தபோது முதல் தவணை 10,000 ரூபாய். ஒரு தோசைக்கல், அடுப்பு, சிலிண்டர் முன்பணம் என்று வாங்கினால் மீதி மாவுக்குத்தான். படம் வந்த அதே 2014-இல்தான் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டமும் இங்கே வந்தது. சட்டப்படி வியாபாரிகளைக் கணக்கெடுத்து இடம் ஒதுக்க வேண்டும். சட்டம் இருந்தும், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் இன்றும் முதல் கேள்வி.

படத்தில் "ஆறு மாதம் கழித்து" என்று போட்டு எல்லாம் சரியாகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ஒரே இரவில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. மறுபடி கன்று வைத்தவர்கள் முதல் காய் பார்க்க எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தவரிடம் கேட்டுப்பாருங்கள். 2020-இல் ஊரடங்கு வந்து முகூர்த்தங்கள் நின்றபோது பெரியப்பாவின் ஆட்கள் ஏழு பேரும் சிதறினார்கள். ஒருவர் சைக்கிளில் காய்கறி, ஒருவர் நடவு வேலை, இருவர் சேர்ந்து மாலை நேரப் போண்டாக் கடை. அந்தப் போண்டாக் கடை மட்டும் இன்றும் இருக்கிறது, கூட்டாளிகள் பிரிந்துவிட்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் எல்லோரையும் பார்க்கச் சொல்கிறீர்கள் என்றால், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

அந்தக் கருகிய சாண்ட்விச் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

மயாமியில் வண்டிக்குள் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் தூக்கி ஏற்ற ஆட்கள் உதவுகிறார்கள். அவர்களுக்குக் காசு வாங்காமல் சாண்ட்விச் போட்டுக் கொடுக்கிறார் கார்ல். ரொட்டிக்குள் வாட்டிய பன்றி இறைச்சி, ஹாம், சீஸ், ஊறவைத்த வெள்ளரி, கடுகுக் குழம்பு. வெண்ணெய் தடவி இரும்புக் கல்லில் வைத்து அழுத்துவது. மகன் ஒன்றைக் கொஞ்சம் கருகவிட்டுவிடுகிறான். பரவாயில்லை, அவர்கள் காசு கொடுக்கப் போவதில்லையே என்று அதையே எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறான். கார்ல் அவனை வண்டியை விட்டுக் கீழே இறக்கி, தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறார். இந்த வேலை உனக்குச் சலிப்பாக இருக்கிறதா என்று கேட்கிறார். நான் நல்ல கணவனாக இருந்ததில்லை, நல்ல அப்பாவாகவும் இருந்ததில்லை, ஆனால் இந்த வேலையில் நான் நல்லவன், அதை உனக்குக் கொடுக்க நினைக்கிறேன் என்கிற மாதிரிப் பேசுகிறார். அதைக் கொடுத்திருக்கலாமா என்று கேட்டதும் பையன் கூடாது என்கிறான். 'அப்பா' என்று கூப்பிடவில்லை. 'செஃப்' என்று சொல்கிறான்.

பெரியப்பா இந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இவன் சமையல்காரன்தான்" என்றார். அதுவரை அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது.

அவர் கதை ஒன்று எனக்குத் தெரியும். மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். விடியற்காலை நாலு மணி, கோட்டை அடுப்பில் பால் பாயசம். கிளறிக்கொண்டிருந்த பையன் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான். அடிப்பிடித்துவிட்டது. கரண்டி போட்டுச் சுரண்டாமல் மேலாக மொண்டுகொண்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது; ஆனால் அடிப்பிடித்த வாடை பால் முழுக்க ஏறிவிடும், ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் போகாது. அண்டாவை நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தார்கள். பால்காரரை எழுப்பி வேறு பால் வாங்கி, முகூர்த்தச் சாப்பாட்டுக்குள் புதிதாக வைத்தார். பெண் வீட்டாருக்குச் சொல்லவில்லை, அந்தப் பால் காசு அவர் கூலியில்தான் போனது. இதைப் பெருமையாக அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று தூங்கிய பையனை இன்று பார்த்தாலும் பால் காசைக் கணக்குச் சொல்லித் திட்டுவார். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது, தனியாகச் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறார், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

வண்டி வந்தது, பணம் வந்தது, மனைவி வந்தாள் என்பதெல்லாம் கதைக்காக. கார்ல் திரும்பவும் தொடங்கியது அந்தச் சாண்ட்விச்சைக் கொடுக்காமல் நிறுத்திய நிமிடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது.

சமையலை ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்களா?

கை வேலை அசல். ராய் சோய் என்ற சமையல் கலைஞர், 2008-இல் லாஸ் ஏஞ்சலீஸில் கோகி என்ற உணவு வண்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஃபேவ்ரோவுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். ஒரு சீஸ் சாண்ட்விச்சை எப்படி வாட்ட வேண்டும் என்று சோய் பாடம் எடுக்கும் துண்டு வரும். கண்ணைக் கல்லிலிருந்து எடுக்கக் கூடாது என்பதை அவர் சொல்லும் விதம் நம் தோசை மாஸ்டர்கள் பேச்சு மாதிரியே இருக்கும்.

பெரியப்பாவின் ஒரே குறை: "நாள் முழுக்கச் சமைத்தவன் சட்டை இவ்வளவு வெள்ளையாக எப்படி இருக்கிறது?" என் குறை, பாத்திரம் தேய்ப்பவரைக் காட்டவே இல்லை. தொடக்கத்தில் அந்த ஓட்டை வண்டியைத் தேய்ப்பதோடு சரி.

பெண் பாத்திரங்கள்?

பிரிந்த மனைவியாக வரும் சோஃபியா வெர்காரா, உணவகத்தில் கூட வேலை செய்பவராக வரும் ஸ்கார்லெட் ஜோஹான்சன் இருவரும் கார்லை ஊக்கப்படுத்துவதற்கென்றே வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு கவலைகூட எழுதவில்லை. என் மனைவி பாதியில் எழுந்து மாவு கரைக்கப் போய்விட்டாள். அதையே விமர்சனமாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியிலும் வந்ததாமே?

2017-இல் அதே பெயரில். சைஃப் அலி கான், பத்மப்ரியா நடித்தார்கள். இயக்கம் ராஜா கிருஷ்ண மேனன். மயாமிக்குப் பதில் கொச்சி, லாரிக்குப் பதில் மாடி பஸ். அப்பா மகன் பகுதி நன்றாகவே இருக்கும். ஆனால் சமையல் மணம் குறைவு. அசலையே பாருங்கள்.

நம் டெல்டாவில் எடுத்தால் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பஸ் நடத்துநர். அவருக்காகவே வழித்தடம் போட்டேன். படத்தில் ஊருக்கு ஊர் அந்தந்த ஊர்ப் பண்டம் வண்டிக்குள் ஏறும். நியூ ஆர்லியன்ஸில் சர்க்கரை தூவிய பென்யே என்ற பொரித்த பலகாரம். ஆஸ்டினில் இரவு முழுக்கப் புகையில் வேகவைத்த மாட்டிறைச்சி. நாம் நாகூரில் கிளம்பலாம், தம்ரூட்டும் வாடாவும். திருவாரூர் தாண்டி நீடாமங்கலத்தில் பால்திரட்டு. அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தால் நல்லதுதான், நிற்கிற வரிசையிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். தஞ்சாவூர் போய்த் திருவையாற்றில் அசோகா என்கிற பாசிப்பருப்பு அல்வா. கும்பகோணத்தில் காபி, கடப்பா.

பென்யேயைக் கடிக்கும் முன், முதல் முறை சாப்பிடுவது ஒரே ஒரு முறைதான், நிதானமாகச் சாப்பிடு என்று கார்ல் மகனிடம் சொல்வார். அசோகாவுக்கு அது பொருந்தும். இலையில் வைத்ததும் நெய் ஓரத்தில் கசிந்து, விரல் பட்டால் ஒட்டாமல் வழுக்கும். முதல் விள்ளலுக்கு அப்புறம் பையன் பேசமாட்டான்.

படம் பார்த்ததிலிருந்து வேலையை விட்டுக் கடை வைக்கலாம் என்று தோன்றுகிறது. வைக்கலாமா?

ஒரு மாதம் காலை நாலு மணிக்கு எழுந்து பாருங்கள். பிறகு வந்து கேளுங்கள்.

உங்கள் மெஸ்ஸில் அந்தக் கியூபா சாண்ட்விச் கிடைக்குமா?

கிடைக்காது. ஒரு முறை என் மகன் அடம்பிடித்து வீட்டுக்குச் செய்து பார்த்தோம். பன்ரொட்டியை வெட்டி, உருளைக்கிழங்குப் பொரியலும் சீஸும் வைத்து, தோசைக்கல்லில் போட்டு, மேலே ஒரு தட்டும் அதன் மேல் அம்மிக் குழவியும் வைத்து அழுத்தினோம். முதலாவது கருகியது. பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், அதை நாய்க்குப் போட்டோம். இரண்டாவது நன்றாக வந்தது. பெரியப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, தொட்டுக்கொள்ளச் சட்னி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடப்பா இருக்கும். ஒன்பதரைக்குள் வாருங்கள், அதற்கு மேல் தீர்ந்துவிடும்.